கார் பந்தயத்தில் பெண் ஓட்டுநர்கள்: திறமை பற்றிய விவாதம்

ஃபார்முலா 1 உலக சாம்பியன் போட்டி 1950ஆம் ஆண்டு தொடங்கியது. அன்று முதல் 700க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் அதன் பந்தயங்களில் கார் ஓட்டியிருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் இரண்டே பேர். ஒருவர் 1958இல் களமிறங்கிய மரியா தெரேசா தே பிலிப்பிஸ். மற்றவர் 1975, 1976 ஆண்டுகளில் ஓட்டிய லெல்லா லொம்பார்டி. இருவரும் இத்தாலி நாட்டவர். பிரிட்டனின் டிவினா கலிக்கா, தென்னாப்பிரிக்காவின் டெசிரே வில்சன், இத்தாலியின் ஜொவான்னா அமாத்தி ஆகிய மூவர் பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்தும், தகுதிச் சுற்றில் போதிய வேகம் எட்டாமல் திரும்பினர். 1976க்குப் பின் எந்தப் பெண்ணும் ஃபார்முலா 1 பந்தயம் எதிலும் புறப்படும் வரிசையில் நிற்கவில்லை.

ஓட்டப்பந்தயம், நீச்சல், டென்னிஸ் போன்றவற்றில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டிகள் உண்டு. கார் பந்தயத்தின் விதிகளில் அப்படி ஒரு பிரிவினை கிடையாது. விவாதம் சூடுபிடிப்பதும் இதனால்தான். விதி யாரையும் தடுக்கவில்லை, 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் பெண்கள் வரவில்லை, எனவே அவர்களிடம் அந்தத் திறமை இல்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. திறமையைக் காட்டும் அளவுக்கு யாருக்கும் நல்ல கார் தரப்படவில்லை என்கிறது மறுதரப்பு. கேட்பதற்கு இது பொழுதுபோக்கு வாதம் போலத் தோன்றலாம். ஆனால் கார்ட்டிங் தடத்தில் வேகமாக ஓட்டும் பத்து வயதுச் சிறுமிக்கு அடுத்த ஆண்டு பணம் செலவழிக்கலாமா என்று அவள் தந்தையும், ஆதரவு தரும் நிறுவனமும், அணி மேலாளரும் முடிவெடுக்கும்போது, இந்த இரண்டில் எதை நம்புகிறார்கள் என்பதே அவள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

காரையும் ஓட்டுநரையும் பிரித்துப் பார்ப்பது

கார் பந்தயத்தில் திறமையை அளப்பது எளிதல்ல. நூறு மீட்டர் ஓட்டத்தில் நேரம் முழுவதும் ஓடுபவருடையது. பந்தயக் காரில் வரும் நேரத்தில் எவ்வளவு ஓட்டுநருடையது, எவ்வளவு எந்திரத்தினுடையது என்று பிரிக்க நேரடியான வழியில்லை. உலக சாம்பியன் பட்டம் வென்றவர்களே மோசமான காரில் கடைசி வரிசையில் தவித்திருக்கிறார்கள். அப்போது யாரும் அவர்களுக்குத் திறமை போய்விட்டது என்று சொல்வதில்லை. கார் சரியில்லை என்கிறார்கள். பெண் ஓட்டுநர் பின்தங்கும்போது மட்டும் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவரது நேரம் அவரைப் பற்றிய தீர்ப்பாக மட்டுமன்றி, பெண்கள் எல்லாரையும் பற்றிய தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஒரே அணியில் ஒரே வகைக் காரை ஓட்டும் சக ஓட்டுநருடன் ஒப்பிடுவதுதான் வழக்கமான அளவுகோல். அதுவும் முழுமையானதல்ல, புதிய பாகங்களும் நல்ல என்ஜினும் முதல் ஓட்டுநருக்கே முதலில் போகும். இதைவிடத் தெளிவான சான்று, ஒரு பெண் ஓட்டிய அதே காரில் பின்னர் பெயர்பெற்ற ஆண் ஒருவர் ஏறும்போது, அல்லது அவருடைய காரில் அந்தப் பெண் ஏறும்போது கிடைக்கிறது. இப்படிப்பட்ட நிகழ்வுகள் வரலாற்றில் அரிது. ஆயினும் மூன்று உண்டு.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. இண்டியானாபொலிஸ் 500 என்பது 500 மைல், அதாவது சுமார் 800 கி.மீ. தூரம் ஓடும் பந்தயம். அதன் காரேஜ், பிட் பகுதிகளுக்குள் 1971 வரை பெண்கள் நுழையவே அனுமதியில்லை. 1976இல் ஜேனட் கத்ரி என்ற பெண் அங்கே ஓட்ட வந்தார். இயற்பியல் படித்து, விண்வெளிப் பொறியியல் துறையில் பணியாற்றியவர். அவருக்குக் கிடைத்த காரில் தகுதிபெறத் தேவையான வேகம் வரவில்லை. பெண்ணால் ஆகாது என்ற பேச்சு தடமெங்கும் கேட்டது. அந்தப் பந்தயத்தில் அதற்குமுன் மூன்று முறை வென்றிருந்த ஏ.ஜே. ஃபாய்ட் தமது மாற்றுக் காரைப் பயிற்சிக்காக அவரிடம் கொடுத்தார். சில சுற்றுகளிலேயே கத்ரி மணிக்கு ஏறத்தாழ 290 கி.மீ. வேகத்தைத் தொட்டார். பந்தயத்தில் இடம்பெற அது போதும். ஆனால் ஃபாய்ட் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கத்ரி அந்த ஆண்டு அந்தப் பந்தயத்தில் ஓட்டவில்லை.

1977இல் அவர் தகுதிபெற்றபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. 'கனவான்களே, என்ஜின்களை இயக்குங்கள்' என்ற மரபான அறிவிப்பை ஒரு பெண் இருக்கும்போது எப்படிச் சொல்வது? என்ஜினை உண்மையில் இயக்குபவர்கள் பின்னால் நிற்கும் மெக்கானிக்குகள், அவர்கள் ஆண்கள்தானே என்று நிர்வாகம் வாதம் செய்தது. கத்ரியின் அணி தன் என்ஜினை இயக்க ஒரு பெண்ணை நிறுத்தி அதற்குப் பதில் சொன்னது. கடைசியில் அறிவிப்பு மாற்றப்பட்டது. மறு ஆண்டு, 1978இல், முறிந்த மணிக்கட்டுடன் ஓட்டி 9ஆவது இடத்தில் முடித்தார். அப்போது அவருக்கு வயது 40.

இரண்டாவது நிகழ்வு லெல்லா லொம்பார்டியுடையது. இறைச்சிக் கடைக்காரரின் மகளான அவர் குடும்பத்தின் சரக்கு வேனை ஓட்டிப் பழகியவர். 1975 ஏப்ரலில் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் தடத்தில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரீயில் அவர் 6ஆவதாக வந்தார். ரோல்ஃப் ஸ்டொமெலன் ஓட்டிய கார் தடுப்பைத் தாண்டிப் பறந்து, தடத்தருகே நின்றவர்கள் சிலர் உயிரிழந்ததால், 75 சுற்றுப் பந்தயம் 29ஆவது சுற்றில் நிறுத்தப்பட்டது. பாதி தூரம்கூட ஓடாததால் புள்ளிகள் பாதியாக்கப்பட்டு அவருக்கு அரைப் புள்ளி கிடைத்தது. ஃபார்முலா 1 உலகப் போட்டியில் ஒரு பெண் பெற்ற புள்ளிக் கணக்கு இன்றுவரை அந்த அரைதான்.

அந்த அரைப் புள்ளி பலருக்கும் தெரியும். தெரியாதது அவர் ஓட்டிய மார்ச் அணிக் காரின் கதை. வளைவுகளில் கார் ஒத்துழைக்கவில்லை, முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று லொம்பார்டி தொடர்ந்து முறையிட்டார். அணியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டுநரின் குறையைக் காரின் மேல் போடுகிறார் என்றே நினைத்தார்கள். அவர் போன பிறகு அந்தக் கார் சுவீடனின் ரோனி பீட்டர்சனிடம் வந்தது. அக்காலத்தின் மிக வேகமான ஓட்டுநர்களில் ஒருவர் அவர். அவரும் அதே குறையைச் சொன்னார். பிரித்துப் பார்த்தபோது காரின் பின்பகுதியைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் விரிசல் இருந்தது என்று அந்த அணியின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. முறையீடு ஒன்றே. சொன்னவர் மாறியபோதுதான் காரைப் பிரித்துப் பார்த்தார்கள். இந்த விவாதத்தில் எனக்குத் தெரிந்த மிகக் கனமான சான்று இதுதான். பந்தய ஓட்டுநரின் வேலையில் பாதி, கார் என்ன செய்கிறது என்று பொறியாளருக்குச் சொல்வது. அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்றால் கார் சீராகாது, கார் சீராகாவிட்டால் நேரம் குறையாது, நேரம் குறையாததால் சொல்லுக்கு மேலும் மதிப்பு குறையும்.

லொம்பார்டி ஃபார்முலா 1ஐ விட்டபின் விளையாட்டுக் கார் பந்தயங்களுக்குப் போனார். 1979இல் பெர்குசா, வல்லெலுங்கா ஆகிய இரு 6 மணிநேரப் பந்தயங்களில் சக ஓட்டுநர்களுடன் வென்றார்.

மூன்றாவது, 1992இல் பிராபம் அணியில் நடந்தது. ஒருகாலத்தில் சாம்பியன் பட்டங்கள் வென்ற அந்த அணி அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஜொவான்னா அமாத்தி மூன்று பந்தயங்களுக்கு முயன்றார், மூன்றிலும் தகுதிபெறவில்லை. அணி அவரை நீக்கிவிட்டு டேமன் ஹில்லை அமர்த்தியது. ஹில்லும் அடுத்தடுத்து ஐந்து முறை தகுதிபெறவில்லை. பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில்தான் முதன்முறையாக உள்ளே வந்தார். அதே ஹில் 1996இல் வில்லியம்ஸ் காரில் உலக சாம்பியன் ஆனார்.

இந்த மூன்றாவது கதையை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். அமாத்தியின் நேரங்கள் அவருடைய சக ஓட்டுநர் எரிக் வான் டெ புலேயின் நேரங்களைவிடக் கணிசமாகப் பின்தங்கியிருந்தன. அதற்கு முந்தைய ஃபார்முலா 3000 பந்தயங்களிலும் அவர் புள்ளி எதுவும் எடுத்திருக்கவில்லை. கார் நன்றாக இருந்திருந்தால் அவர் ஹில் ஆகியிருப்பார் என்று சொல்ல இடமில்லை. ஆனால் அவருடைய மூன்று தோல்விகள் பெண்களின் திறமைக்கு எதிரான சான்றாக 30 ஆண்டுகளாகச் சொல்லப்படுகின்றன. ஹில்லின் ஐந்து தோல்விகளை யாரும் ஆண்களுக்கு எதிரான சான்றாகச் சொன்னதில்லை. மேலும், அணிகள் ஆற்றல் இல்லாத ஆண்களைப் பணத்துக்காகச் சேர்த்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள் ஃபார்முலா 1 வரலாற்றில் நிறைய உண்டு. ஒரு பெண்ணுக்கு மட்டும் அந்தச் சராசரித்தன்மை அனுமதிக்கப்படுவதில்லை.

உடல் வலிமை என்ற வாதம்

பெண்களின் மேல் உடல் தசை சராசரியாக ஆண்களைவிடக் குறைவு. இது உடலியல் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. இன்றைய ஃபார்முலா 1 கார் வேகமான வளைவில் புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு விசையைப் பக்கவாட்டில் உண்டாக்கும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால், அந்த நொடியில் கழுத்து தாங்குவது 30 கிலோவுக்கு மேல். பிரேக் மிதியை 100 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு உதைக்க வேண்டும். இதை ஒன்றரை மணிநேரம், வெப்பத்தில், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆனால் சராசரி ஆணாலும் இதைச் செய்ய முடியாது. பல ஆண்டுப் பயிற்சியால் உருவாகும் கழுத்து அது. கேள்வி, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணால் தேவையான அளவை எட்ட முடியுமா என்பதுதான். அமெரிக்காவின் இண்டிகார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஃபார்முலா 1 காரில் உண்டு. ஸ்டீயரிங் கனமான அந்த இண்டிகாரில் சுவிட்சர்லாந்தின் சிமோனா டி சில்வெஸ்ட்ரோ 2013இல் ஹூஸ்டன் நகரப் பந்தயத்தில் 2ஆவதாக வந்தார். அதற்குமுன், 2008 ஏப்ரலில், டானிக்கா பேட்ரிக் ஜப்பானின் மொத்தேகி தடத்தில் இண்டிகார் பந்தயம் ஒன்றை வென்றிருந்தார். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தி வந்த வெற்றி அது என்று குறைசொன்னவர்கள் உண்டு. ஆண்கள் அப்படி வென்றால் அதைப் புத்திசாலித்தனம் என்பார்கள்.

பேட்ரிக்கைப் பற்றிய இன்னொரு சர்ச்சை சுவையானது. 2005இல் தம் முதல் இண்டியானாபொலிஸ் 500இல் அவர் 19 சுற்றுகள் முன்னிலை வகித்து 4ஆவதாக முடித்தார். உடனே ராபி கார்டன் என்ற ஓட்டுநர், அவர் எடை 45 கிலோதான், கார் இலேசாகிவிடுகிறது, இது நியாயமல்ல என்று புகார் சொன்னார். பெண்ணுடல் வலுவற்றது என்பது அதுவரை வந்த வாதம். அவர் முன்னால் வந்ததும் பெண்ணுடல் அளவுக்கு மீறிய அனுகூலம் என்றாயிற்று. 2008இல் இண்டிகார் எடை வேறுபாட்டைச் சமன்செய்யும் விதியைக் கொண்டுவந்தது. ஃபார்முலா 1இலும் 2019 முதல் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ இருக்க வேண்டும் என்றும், குறைந்தால் இருக்கையருகே எடைக்கட்டிகள் வைக்க வேண்டும் என்றும் விதி வந்தது.

உடல் வலிமை வாதத்தில் நேர்மையான பகுதி ஒன்று உண்டு. அது மேல்மட்டத்தைவிட இடைப்படிகளில் இருக்கிறது. ஃபார்முலா 1க்கு முந்தைய படியான ஃபார்முலா 2 காரில் பவர் ஸ்டீயரிங் இல்லை. பெரிய உடல்வாகு உள்ளவருக்கு ஏற்ப இருக்கையும் மிதிகளும் ஸ்டீயரிங்கும் அமைக்கப்பட்ட காரில், 19 வயதுப் பெண் ஒருவர் கைவலிமைக்காகவே நேரத்தை இழக்கலாம். 2024இல் அறிமுகமான புதிய ஃபார்முலா 2 காரை வடிவமைக்கும்போது ஸ்டீயரிங்கின் கனத்தைக் குறைப்பதில் கவனம் செலுத்தப்பட்டது. காரின் வடிவமைப்பு மாறினால் 'உடல் வரம்பு' எங்கே இருக்கிறது என்பதும் மாறும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஸ்பெயினின் கார்மென் ஜோர்டா 2018இல், ஃபார்முலா 1, 2 கார்கள் பெண்களுக்கு உடலளவில் மிகக் கடினம் என்று கருத்துச் சொன்னபோது, பெண் ஓட்டுநர்கள் பலரே அதைக் கடுமையாக மறுத்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னர் ஃபார்முலா 1இன் தலைவராயிருந்த பெர்னி எக்கிள்ஸ்டோனும் இதே போன்ற கருத்தைச் சொல்லி, பெண்களை யாரும் பொருட்படுத்தவும் மாட்டார்கள் என்று சேர்த்துக்கொண்டார். முதல் பாதி உடலைப் பற்றியது. இரண்டாம் பாதி, ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்களைப் பற்றியது. அவருக்குத் தெரிந்த துறை அது என்பதால் அந்த இரண்டாம் பாதியை நாம் நம்பலாம்.

மனத்திண்மை என்ற வாதம்

2013இல் பிரிட்டனின் ஸ்டிர்லிங் மோஸ் வானொலிப் பேட்டி ஒன்றில், பெண்களுக்கு உடல் வலு இருக்கிறது, ஆனால் சக்கரத்தோடு சக்கரம் உரச மோதி ஓட்டும் மனநிலை இல்லை என்ற பொருளில் பேசினார். உலக சாம்பியன் ஆகாதவர்களிலேயே மிகச் சிறந்தவர் என்று போற்றப்பட்டவர் அவர். அப்போது வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்த சூசி வோல்ஃப் உடனே மறுப்புத் தெரிவித்தார்.

மோஸின் சொந்தத் தங்கை பேட் மோஸ் ஒரு ராலி ஓட்டுநர். 1960இல் லியேஜ்-ரோம்-லியேஜ் என்ற கொடுமையான நெடுந்தூர ராலியில், ஆஸ்டின்-ஹீலி காரில், ஆண்கள் அனைவரையும் முந்தி ஒட்டுமொத்த வெற்றி பெற்றவர். மினி கூப்பர் காருக்கு ராலியில் முதல் பெரிய வெற்றியைத் தேடித் தந்தவரும் அவரே. வீட்டுக்குள் இருந்த சான்று அண்ணன் கண்ணில் படவில்லை போலும்.

ராலியில் ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்தோடு ஓடுகிறார்கள், அருகருகே மோதல் இல்லை, எனவே அது கணக்கில் வராது என்று மோஸ் தரப்பினர் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் பள்ளத்தாக்கின் ஓரத்தில் சரளைச் சாலையில் முழு வேகத்தில் போவதற்குத் துணிவு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரான்சின் மிஷேல் மூட்டன் 1981இல் சான்ரெமோ ராலியை வென்றார். 1982இல் போர்ச்சுகல், கிரேக்கம், பிரேசில் ஆகிய மூன்று உலக ராலிகளை வென்று, சாம்பியன் பட்டத்துக்கு வால்டர் ரோலுடன் கடைசி வரை போட்டியிட்டார். ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் வேளையில் அவர் தந்தை இறந்த செய்தி வந்தது. தந்தையின் விருப்பப்படியே ஓட்டினார். முன்னிலையில் இருந்தபோது கார் பழுதாகி, பின்னர் விபத்தில் முடிந்தது. ரோல் 109 புள்ளிகள், மூட்டன் 97.

மூட்டனுக்கு என்ன வேறுபாடு? அவருக்குக் கிடைத்தது ஆடி குவாட்ரோ. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும், அக்காலத்தின் தலைசிறந்த ராலி கார். அணியின் மற்ற ஆண் ஓட்டுநர்களுக்குக் கிடைத்த அதே கார் அவருக்கும் கிடைத்தது. அதே போல அமெரிக்காவின் நேர்கோட்டு டிராக் பந்தயத்தில் ஷெர்லி மல்டௌனி 1977, 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் உச்சப் பிரிவின் சாம்பியன் ஆனார். ஜெர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட் 2001இல் டக்கார் ராலியை வென்றார். டெசிரே வில்சன் 1980இல் பிரிட்டனின் உள்நாட்டு ஃபார்முலா 1 தொடரில், பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், ஆண்களோடு அருகருகே ஓட்டியே ஒரு பந்தயத்தை வென்றார். அது உலகப் போட்டியின் பகுதி அல்ல என்றாலும் கார்கள் ஃபார்முலா 1 கார்கள்தான்.

எண்ணிக்கை, பணம், வயது

மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஃபார்முலா 1இல் முதல் பந்தயம் ஓட்டியபோது அவருக்கு 17 வயது. லொம்பார்டி முதன்முதலில் ஃபார்முலா 1 பந்தயம் ஒன்றைத் தொடங்கியபோது 33. கத்ரி இண்டியானாபொலிஸில் தொடங்கியபோது 39. உச்சிக்கு வரும் ஆண்கள் நான்கைந்து வயதில் கார்ட்டிங் தொடங்கி, பதின்ம வயதில் ஒரு பெரிய அணியின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். இந்தக் காலத் தாமதத்தை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது.

வெர்ஸ்டாப்பனைப் பற்றிப் பேசும்போது அவர் தந்தை ஃபார்முலா 1 ஓட்டுநர் என்பது தவறாமல் சொல்லப்படும். தாய் சோஃபி கும்பென் பெல்ஜியத்தின் முன்னணி கார்ட்டிங் ஓட்டுநர் என்பதும் சொல்லப்பட வேண்டியது. பின்னாளில் ஃபார்முலா 1க்கு வந்த ஜென்சன் பட்டன், யார்னோ ட்ரூலி போன்றோருடன் போட்டியிட்டவர்; 1995இல் ஆந்திரேயா மார்குட்டி கோப்பையை வென்றவர். மகன் பிறந்தபோது அவர் தம் பந்தய வாழ்வை விட்டிருந்தார்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கார்ட்டிங் ஓட்டும் நூறு குழந்தைகளில் ஐந்து பேர் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். திறமை சமமாகப் பரவியிருந்தால், உச்சியில் உள்ள 20 இடங்களில் சராசரியாக ஒன்றுதான் பெண்ணுக்குக் கிடைக்கும். ஆக, எண்ணிக்கை குறைவு என்பதே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது. முழுவதையும் விளக்குவதில்லை, இந்தக் கணக்குப்படி எந்தக் காலத்திலும் ஒருவராவது இருந்திருக்க வேண்டும், அரை நூற்றாண்டாக ஒருவரும் இல்லை. நடுவழியில், செலவு கூடும் படிகளில், ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகக் கழன்றுவிடுகிறார்கள் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் செலவு சிறிதல்ல. ஃபார்முலா 3, 2 படிகளில் ஓர் ஆண்டுக்கான செலவு பல கோடி ரூபாய். கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராக இடம்பிடித்தபோது, அவர் திறமைக்குப் பின்னால் டாட்டா நிறுவனத்தின் ஆதரவும் இருந்தது. திறமையுள்ள ஆணுக்கே இதுதான் நிலை. பெண்கள் ஃபார்முலா 1இல் வெல்ல முடியாது என்று நம்பும் நிறுவனம் தொடக்கத்திலேயே கையை விரித்துவிடும். பெண் என்பதாலேயே விளம்பரம் கிடைக்கும், ஆதரவாளர்கள் எளிதில் வருவார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓரளவு அது உண்மைதான். ஆனால் விளம்பரத்துக்காக வரும் பணம் ஓராண்டில் போய்விடுகிறது. ஓட்டுநர் உருவாகப் பத்தாண்டு வேண்டும்.

தனித் தொடர் வேண்டுமா?

2019இல் பெண்களுக்கு மட்டுமான டபிள்யூ தொடர் தொடங்கியது. ஓட்டுநர்கள் பணம் கட்டத் தேவையில்லை, எல்லாருக்கும் ஒரே வகைக் கார், வெற்றியாளருக்கு 5 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு. இண்டிகார் ஓட்டுநர் பிப்பா மேன் இதை வெளிப்படையாக எதிர்த்தார். பெண்களுக்குச் செலவிடப் பணம் வைத்திருப்பவர்கள், அதைக் கலப்புப் போட்டிகளில் அவர்களை முன்னேற்றச் செலவிடாமல், ஒதுக்கி வைக்கச் செலவிடுகிறார்கள் என்பது அவரது வாதம். ஜெர்மனியின் சோஃபியா ஃப்ளோர்ஷும் அந்தத் தொடரை ஏற்கவில்லை. 2018இல் மக்காவ் பந்தயத்தில் முதுகெலும்பு முறிந்து, மீண்டு வந்தவர் அவர். 2023இல் ஆண்களுடன் ஓட்டும் ஃபார்முலா 3 போட்டியில் புள்ளி பெற்ற முதல் பெண்ணானார்.

டபிள்யூ தொடர் நடந்த மூன்று பருவங்களிலும், அதாவது 2019, 2021, 2022இல், பட்டத்தை வென்றவர் பிரிட்டனின் ஜேமி சாட்விக். மூன்று முறை வென்றும் அவருக்கு ஃபார்முலா 3இல் இடம் கிடைக்கவில்லை. பெண்களுக்குள் முதலிடம் என்பதை மற்ற அணிகள் எப்படி எடைபோடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டன. பணப் பற்றாக்குறையால் 2022 பருவம் பாதியில் முடிந்து, தொடரும் நின்றது. சாட்விக் அமெரிக்கா சென்று, இண்டிகாருக்கு அடுத்த படியான இண்டி நெக்ஸ்ட் தொடரில் 2024இல் ரோடு அமெரிக்கா தடத்தில் ஆண்களை முந்தி வென்றார். தனித் தொடர் அவரை மூன்றாண்டுகள் வாழவைத்தது என்றும் சொல்லலாம், மூன்றாண்டுகள் நிறுத்திவைத்தது என்றும் சொல்லலாம். என் பார்வையில் இரண்டும் நடந்தன.

2023 முதல் ஃபார்முலா 1 நிர்வாகமே எஃப் 1 அகாடமி என்ற பெண்கள் தொடரை நடத்துகிறது. அதன் பொறுப்பில் இருப்பவர் சூசி வோல்ஃப். முந்தைய தொடரின் குறையைப் பார்த்து அமைக்கப்பட்டது இது: கார்கள் ஃபார்முலா 4 தரத்தில், இளையோருக்கான கீழ்ப்படியாக இருக்கின்றன, 2024 முதல் ஒவ்வொரு ஃபார்முலா 1 அணியும் ஓர் ஓட்டுநரை ஆதரிக்கிறது, ஒருவர் ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கிவிடாதபடி வரம்பு உண்டு. மார்த்தா கார்சியா, ஆபி புல்லிங், டோரியான் பின் ஆகியோர் முதல் மூன்று சாம்பியன்கள். புல்லிங் அடுத்து ஆண்களுடன் ஓட்டும் பிரிட்டனின் ஜிபி 3 தொடருக்குச் சென்றார்.

ஃபார்முலா 1இல் ஓட்ட சூப்பர் உரிமம் வேண்டும். அதற்கு மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஃபார்முலா 2இல் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தால் அந்த 40 ஒரே ஆண்டில் கிடைத்துவிடும். அந்த ஃபார்முலா 2இல் ஒரு முழுப் பருவம் ஓட்டிய பெண் இதுவரை ஒருவரே, கொலம்பியாவின் டட்டியானா கால்டெரோன். 2019இல் அவர் புள்ளி எதுவும் பெறவில்லை. 2022இல் மீண்டும் அதே தொடருக்கு வந்தார். சில பந்தயங்களுக்குப் பின், ஆதரவுப் பணம் தீர்ந்ததால், பருவம் முடியும் முன்பே அவர் இருக்கை வேறொருவருக்குப் போனது.